பிக் அப் என்றால் எனக்கு ஸ்டேஷன்தான்

பாப்பா,

இதைத் தலவாக்கலை ஸ்டாண்டில், நம் ஆட்டோவின் பின் சீட்டில் உட்கார்ந்து எழுதுகிறேன். டிரைவர் பின்னால் இருந்தால் வண்டி எப்படி ஓடும் என்று பக்கத்து ஆட்டோக்காரன் கிண்டல் பண்ணிவிட்டுப் போகிறான். ஓடாவிட்டால் போகட்டும். ஒரு வரி எழுதுகிறேன், போனைப் பார்க்கிறேன். இறங்கிப் போய் ஒரு பிளேன்டீ குடிக்கிறேன், மறுபடி போனைப் பார்க்கிறேன். நேற்றிலிருந்து எத்தனை தடவை உனக்குக் கோல் எடுத்தேன் என்று என்னைவிட உன் போனுக்குத்தான் நன்றாகத் தெரியும். முன்பின் தெரியாத சனத்தின் கோல்களுக்கெல்லாம் மூன்று பாஷையில் பதில் சொல்வதுதான் கொழும்பில் உனக்கு வேலை. பெற்ற அப்பனின் கோலுக்கு மட்டும் ஒரு பாஷையும் வரவில்லை. அதனால்தான் பேப்பரும் பேனாவும். எழுதி முடித்ததும் ஒவ்வொரு பக்கமாகப் போட்டோ எடுத்து உன் போனுக்கே அனுப்புவேன். போனை எடுக்காத பிள்ளையும் போட்டோ வந்தால் பார்க்காமல் இருக்காது.

நேரே விஷயத்துக்கு வருகிறேன். ஞாயிற்றுக்கிழமை நீ குருநாகலில் நுவன் வீட்டில் இருந்துகொண்டு எனக்கு மெசேஜ் அனுப்பினாய். எப்போதும் தமிழைத்தான் இங்கிலீஷ் எழுத்தில் எழுதி அனுப்புவாய். அன்று முழு இங்கிலீஷ். 'அப்பா, ப்ளீஸ் பிக் அப்.' அதற்குப் பிறகு நீ கூப்பிட்ட ஒரு கோலையும் நான் எடுக்கவில்லை. உன்னையும், நீ கட்டப்போகிற பையனையும், அவனைப் பெற்றவர்களையும் அவமானப்படுத்தத்தான் எடுக்கவில்லை என்று நீ முடிவு கட்டிவிட்டாய். அந்த நேரத்தில் நான் எங்கே நின்றேன் தெரியுமா? வட்டகொடை ஸ்டேஷனில். நீ ரயிலில் வருகிறாய், உன்னை ஏற்றிக்கொண்டு போகவேண்டும் என்று நின்றேன். நீ போனை எடுக்கச் சொன்னாய், நான் உன்னை எடுக்க வந்துவிட்டேன். சிரிப்பு வந்தால் சிரித்துவிடு. நீ சிரித்தால் எனக்குப் பாதிப் பாரம் இறங்கும்.

எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் பாதி அந்த ஒரு சொல்தான் என்று உனக்கே தெரியும். தேயிலைக் கொழுந்து லொறியில் கிளீனராக இருந்தபோதே அது என் காதில் விழுந்துவிட்டது. மலைக்கு மலை நிறுத்திக் கொழுந்து ஏற்றுவதை எங்கள் டிரைவர் பிக் அப் என்பார். ஆட்டோ வாங்கி நானுஓயா ஸ்டேஷனில் வெள்ளைக்காரர்களுக்கு ஓட ஆரம்பித்ததும் அதுவே எனக்குச் சோறு போட்டது. பிக் அப் சார், பிக் அப் மேடம், டுமாரோ மோர்னிங் பிக் அப். ஒருமுறை ஒரு வெள்ளைக்காரப் பெண் நீர்வீழ்ச்சி பார்த்துவிட்டு வரும் வழியில், உன் இங்கிலீஷை எங்கே பிக் அப் பண்ணினாய் என்று கேட்டாள். நான் தயங்காமல், "நானுஓயா ரயில்வே ஸ்டேஷன், மேடம்" என்றேன். அவள் சீட்டில் சாய்ந்து சாய்ந்து சிரித்தாள். ஒரு பாஷையைக் காதால் கேட்டுக் கேட்டே பழகிக்கொள்வதற்கும் அதே பெயராம். யோசித்துப் பார்த்தால் நான் சொன்ன பதிலில் பிழையே இல்லை. அப்புறம் அவள், உன் மனைவி என்ன வேலை செய்கிறாள் என்று கேட்டாள். அம்மா கொழுந்து எடுக்கிறாள் என்பதை எப்படிச் சொல்வது? "ஷீ பிக். ஐ பிக் அப்" என்றேன். அதற்கும் சிரித்தாள். வீட்டில் வந்து சொன்னதும் நீ புரண்டு புரண்டு சிரித்தாய். அம்மாதான் விளங்காமல், "என்னையச் சொல்லி என்னா சிரிப்பு ரெண்டு பேருக்கும்?" என்று கோபித்துக்கொண்டாள்.

அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்ததும் உனக்கு ஞாபகம் இருக்கும். நீ அப்போது பெரிய வகுப்புக்கு வந்துவிட்டாய். காய்ச்சல் நெஞ்சில் இறங்கி, மூச்சு விடக் கஷ்டப்பட்டாள். டொக்டர் பார்த்துவிட்டு என்னிடம் இங்கிலீஷில், ஷீ வில் பிக் அப் என்றார். எனக்குக் கேட்டது பிக் அப் மட்டும்தான். வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போகச் சொல்கிறார் என்று நினைத்து, ஓடிப்போய் ஆட்டோவை அம்மா படுத்திருந்த வாட்டு வாசலிலேயே கொண்டுவந்து நிறுத்தி, கம்பளியும் விரித்துவைத்தேன். நர்ஸ் சிங்களத்தில் என்னைப் பிடித்த பிடியில் பக்கத்துக் கட்டில் நோயாளிகளெல்லாம் எழுந்து உட்கார்ந்துவிட்டார்கள். தேறிவிடுவாள் என்று சொல்ல வந்தாராம் மனிதர். அதற்கும் ஒரு பிக் அப். நீ என் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய், "அப்பா, இனிமே வெளங்காட்டி என்னையக் கேளுங்க" என்றாய். ஞாயிற்றுக்கிழமை உன்னைக் கேட்டிருக்கலாம்தான். ஆனால் மெசேஜை அனுப்பியதே நீயாயிற்றே, யாரிடம் போய்க் கேட்பேன்? அதோடு, ஒருத்தரையும் கேட்காமல் என் மகள் எழுதிய இங்கிலீஷை நானே படித்து விளங்கிக்கொண்டேன் என்று ஒரு பெருமை வேறு வந்துவிட்டது.

இப்போது ஒரு ஹயர் வந்தது. என் முறைதான். பூண்டுலோயா போகவேண்டுமாம், நல்ல ஹயர். பின்னால் நிற்பவனைப் போகச் சொல்லிவிட்டேன். அவன் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனான். மழை வேறு வருகிறது, பக்கவாட்டுப் படங்குத் திரையை இறக்கிவிட்டு எழுதுகிறேன். பேப்பர் நனைந்து ஒன்றிரண்டு எழுத்து கரைந்திருந்தால் மழை என்றே நினைத்துக்கொள்.

நாம் ஏன் சண்டை போட்டோம் என்பதையும் பேசித்தான் ஆகவேண்டும். நுவனைக் கட்டப்போகிறேன் என்று நீ சொன்னபோது நான் கத்தினேன். சிங்களப் பிள்ளை என்பதால் கத்தினேன் என்று நினைத்தாய். அதுவும் இல்லை என்று பொய் சொல்லமாட்டேன், அந்தப் பேச்சைக் கேட்டதும் எனக்குப் பயம் வந்தது. உன் பெரியப்பா கொழும்பில் பலசரக்குக் கடையில் வேலை செய்த காலத்தை நீ பார்க்கவில்லை. இனப் பிரச்சினை நடந்த நாட்கள் அவை. ஒருநாள் கடையிலிருந்து அவரை லொறியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். நானும் தாத்தாவும் ஒரு லோயரிடம் போனோம். அவர் பேப்பர்களைப் பார்த்துக்கொண்டே பக்கத்தில் இருந்தவரிடம், ஹீ வாஸ் பிக்ட் அப் என்றார். கிளீனர் பையன் நான், எனக்குத் தெரிந்த சொல். லொறியில் ஏற்றியவர்கள் அண்ணனை எங்கேயோ இறக்கிவிட்டிருக்கிறார்கள் என்று நினைத்து, "எங்கங்க சார் எறக்குனாங்க?" என்று கேட்டேன். ஆளைப் பிடித்துக்கொண்டு போய் அடைப்பதற்கும் அதே சொல்தானாம். அந்த லோயர் சிரிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். பெரியப்பா பல மாதம் கழித்துத்தான் திரும்பி வந்தார். இன்றைக்கும் வாசலில் ஒரு வாகனம் நின்றால் அவர் எழுந்து பின்பக்கம் போய்விடுவதை நீயே பார்த்திருக்கிறாய்.

கொழும்பு, சிங்கள வீடு, என் மகள் என்று மூன்றையும் நீ ஒரே மூச்சில் சொன்னதும் எனக்கு அந்த லோயரின் மேசைதான் கண்ணுக்கு முன்னால் வந்தது. பயத்தை வெளியே சொல்லத் தெரியாமல் கத்தினேன். கடைசியில், "நான் சொல்ற வரைக்கும் எனக்குக் கோல் எடுக்காத" என்றேன். நம்முடைய தமிழும் லேசுப்பட்டதில்லை, பார். கோல் எடு என்றால் நீ கூப்பிடு என்று அர்த்தம், போனை எடு என்றால் கூப்பிட்டவனுக்குப் பதில் சொல்லு என்று அர்த்தம். எடு என்கிற ஒரே சொல்லை வைத்துக்கொண்டு அந்தப் பக்கம் இந்தப் பக்கம் இரண்டு பக்கமும் அடைத்துவிட்டேன். யோசிக்க எனக்கு அவகாசம் வேண்டும் என்பதுதான் நான் சொல்ல வந்தது. உனக்கு அது அப்பன் கதவைச் சாத்திவிட்டான் என்று கேட்டிருக்கிறது.

பெரியப்பாவிடம் போய் நடந்ததையெல்லாம் சொன்னேன். அவர் கத்துவார், நான் கத்தியது சரி என்று ஆகிவிடும் என்று நினைத்துத்தான் போனேன். அவர் லயத்து வீட்டுக்குப் பின்னால் கரட்டுக் கிழங்குப் பாத்திக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். வாளியைக் கீழே வைக்காமலே சொன்னார். "என்னைய ஆமிக்காரன் லொறில ஏத்திக்கிட்டுப் போனான். நம்ம புள்ள தானா இஷ்டப்பட்டுப் போகுது. ரெண்டையும் ஒண்ணாப் போட்டுக் கொழப்பாதடா. அந்தப் பயல் நல்லவனான்னு விசாரிச்சியா? அத மொதல்ல பாரு." எனக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. அன்றிலிருந்து உனக்குக் கோல் எடுக்கவேண்டும், எடுக்கவேண்டும் என்று போனைக் கையில் வைத்துக்கொண்டே திரிந்தேன். என்ன சொல்லி ஆரம்பிப்பது என்றுதான் வரவில்லை.

அப்படி இருக்கும்போதுதான் ஞாயிற்றுக்கிழமை உன் மெசேஜ். வண்டி கழுவிக்கொண்டிருந்தேன். கையைத் துடைத்துக்கொண்டு போனைப் பார்த்தால், எடுக்காத கோல் ஒன்று, அதற்குக் கீழே 'அப்பா, ப்ளீஸ் பிக் அப்'. வருகிறேன் என்று சொல்லத்தான் கோல் எடுத்திருக்கிறாய், நான் எடுக்காததால் எழுதி அனுப்பியிருக்கிறாய் என்று முடிவு பண்ணிவிட்டேன். "ஏய், பாப்பா வருது! பகல் ரயில்ல வருதாம்!" என்று நான் போட்ட சத்தத்தில் அடுத்த காம்பரா வீட்டுக்காரர்களும் எட்டிப் பார்த்தார்கள். பகல் ரயில் என்று நீ எங்கே சொன்னாய்? அதையும் நானே சேர்த்துக்கொண்டேன். அம்மா கோழி வாங்க ஆள் அனுப்பினாள். போனில் சார்ஜ் கடைசிக் கோட்டில் இருந்தது, அதைக் கவனிக்க எனக்கு எங்கே பொறுமை? அம்மாவின் போன் வாளித் தண்ணீரில் விழுந்ததிலிருந்து வீட்டுக்கே இருப்பது அது ஒன்றுதான். சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினேன். இந்த வண்டிக்கு ஏற்றத்தில் பிக்கப் இல்லை என்று எப்போதும் திட்டுவேனே, அன்று அதுவும் பிய்த்துக்கொண்டு ஏறியது. அந்தச் சத்தத்தில் போன் அடித்ததும் கேட்கவில்லை, அணைந்ததும் தெரியவில்லை. ஏற்றத்தில் பாதி வழியில்தான் எனக்கே உறைத்தது, என் மனதில் கோபம் என்று ஒன்று இல்லவே இல்லை. உன்னை ஏற்றிக்கொண்டு வரும் வழியில், சரி பாப்பா, அந்தப் பையனை வரச்சொல்லு என்று சொல்லவேண்டும் என்று சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டே ஓட்டினேன்.

பகல் ரயில் வந்தது. கடைசி ஆள் இறங்கும்வரை ஒவ்வொரு பெட்டியாகப் பார்த்தேன். நீ இல்லை. அடுத்த ரயிலில் வருவாய் என்று உட்கார்ந்தேன். உனக்குப் பிடிக்கும் என்று வாங்கிய கடலை வடை பையிலேயே ஊறிப்போனது. ஸ்டேஷன் மாஸ்டர் வந்து, "கவுத எனவா கிவ்வே?" என்று கேட்டார். யார் வருவதாகச் சொன்னார்கள் என்று கேட்கிறார். மகள் என்றேன். அடுத்த ரயிலும் போன பிறகு அவர் எனக்குத் தேத்தண்ணீர் கொடுத்தார். வீட்டுக்கு வந்தால் அம்மா கறியை இறக்கி வைத்துவிட்டு வாசலில் நிற்கிறாள். "என்னாங்க, பாப்பா எங்க?" என்றாள். போனை சார்ஜில் போட்டதும் உன் அடுத்த மெசேஜ் வந்து விழுந்தது. வெள்ளிக்கிழமை கொழும்பில் கல்யாண ரெஜிஸ்டர், நீங்கள் வரவேண்டாம் என்று. வரச் சொன்னதும் நீ, வராமல் விட்டதும் நீ, இப்போது என்னை வரவேண்டாம் என்பதும் நீ என்று எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. அதனால்தான் அன்றும் மறுநாளும் நான் உனக்குக் கோல் எடுக்கவில்லை. அந்தக் கோழியை யாருமே ஒழுங்காகச் சாப்பிடவில்லை.

நேற்று தெரியாத நம்பரிலிருந்து ஒரு கோல் வந்தது. ஹயர் என்று நினைத்து, வழக்கம்போல, "ஹலோ, பிக் அப் எக கொஹேந்த?" என்றேன். எங்கே வந்து ஏற்றவேண்டும் என்று கேட்டேன். அந்தப் பக்கம் ஒரு குரல், தமிழை ஒவ்வொரு கல்லாகப் பார்த்து மிதிப்பது போல, "மாமா... நான் நுவன். எங்க அப்பா அம்மா கோவம் இல்ல. அவதான் அழுறது" என்றது. ஓரமாக வண்டியை நிறுத்தினேன். அவன் பாதிச் சிங்களத்திலும் பாதித் தமிழிலும் சொன்னான். ஞாயிற்றுக்கிழமை நீ போனை நடு மேசையில் வைத்து, சத்தமாகப் போட்டிருந்தாயாம். அவன் அப்பா 'வணக்கம் சம்பந்தி' என்று சொல்ல ஒரு வாரமாகப் பழகியிருந்தாராம். போன் அடிக்கும்போதெல்லாம் தொண்டையைச் செருமிக்கொண்டு தயாரானாராம். அடித்து அடித்து நின்றதாம். கடைசியில் அந்த மனிதர் எழுந்துபோய் முற்றத்தைக் கூட்டினாராம். நீ யாருடைய முகத்தையும் பார்க்கவில்லையாம். பாப்பா, பெற்ற பிள்ளையை அடுத்த வீட்டில் தலைகுனிய வைத்துவிட்டு, நான் ஸ்டேஷனில் வடைப் பொட்டலத்தோடு உட்கார்ந்திருந்திருக்கிறேன். நடந்ததை நுவனிடம் சொன்னேன். "மாமா, நான் சொன்னா அவ நம்பமாட்டா. உங்களுக்காகப் பொய் சொல்றதுன்னு நெனைக்கும். நீங்க சொல்லுங்க" என்றான். எனக்காகப் பொய் சொல்லக்கூடியவன் என்று நீ நினைக்கிற பையன் என்றால், அவன் நல்லவனா என்று நான் தனியாக விசாரிக்கத் தேவையில்லை.

கல்யாணத்துக்கு முன்னால் அப்பன் புத்தி சொல்லவேண்டுமாம், எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். நீங்கள் இரண்டு பேரும் ஒருத்தர் பாஷையை ஒருத்தர் அரைகுறையாகப் பேசி வாழப்போகிறீர்கள். அவன் சொல்கிற சொல் ஏதாவது ஒருநாள் உன்னைக் குத்தும், நீ சொல்வது அவனைக் குத்தும். குத்தினால் உடனே எழுந்து போய்விடாதே, இதைத்தான் சொன்னாயா என்று ஒரு தடவை கேள். ஒரே தமிழ் பேசுகிற நாம் இரண்டு பேரே இந்தக் கூத்து ஆடியிருக்கிறோம். அப்புறம், எவ்வளவு கோபம் வந்தாலும் போனை எடு. திட்டுவதற்காவது எடு. எடுக்காத போன் அடிக்கிற சத்தத்தை இரண்டு நாளாகக் கேட்கிறேன், அதைவிட நீ திட்டினால் நிம்மதியாக இருக்கும்.

நீ சின்னப் பிள்ளையாக ஸ்கொலர்ஷிப் வகுப்புக்குப் போன காலத்தில் ஒரு சாயங்காலம், பூண்டுலோயா ரோட்டில் மண் சரிந்து நான் மாட்டிக்கொண்டேன். கொட்டுகிற மழை. நீ இதே தலவாக்கலை டவுனில், பூட்டின புத்தகக் கடை வாசலில் பையைத் தலைக்குப் பிடித்துக்கொண்டு நின்றாய். இந்த ஸ்டாண்டிலிருந்த அத்தனை பேரும் வந்து கூப்பிட்டார்களாம். "ஏறு பாப்பா, ஒங்க வீட்டுப் பக்கந்தான் போறேன்" என்று. நீ ஒருத்தர் வண்டியிலும் ஏறவில்லை. "வேணாம் மாமா, எங்கப்பா பிக் அப் பண்ண வருவாரு" என்றே சொல்லிக்கொண்டிருந்தாயாம். இருட்டும் நேரத்தில் வந்து சேர்ந்த நான், யாருடைய ஆட்டோவிலாவது வந்திருக்கலாமே என்று உன்னைத் திட்டினேன். நடுங்கிக்கொண்டே நீ சொன்னாய். "நான் போயிட்டா, நீங்க வந்து பாக்குறப்ப இருக்கமாட்டேன்ல? அப்பறம் நீங்க தேடுவீங்கல்ல?" அந்தப் பிள்ளைதான் இன்றைக்கு அப்பா வரமாட்டார் என்று நம்பிக்கொண்டு கொழும்பில் உட்கார்ந்திருக்கிறது. வேறு எதை நீ நம்பினாலும் தாங்கிக்கொள்வேன், இதை மட்டும் என்னால் தாங்க முடியவில்லை.

மழை விட்டுவிட்டது. பெரியப்பாவும் வருகிறேன் என்கிறார், சட்டை தைக்கக் கொடுத்துவிட்டு வந்துவிட்டார். அம்மா உனக்குச் சேலை எடுத்து வைத்திருக்கிறாள். நான் காலையிலிருந்து, சிங்களத்தில் வணக்கம் வைக்க, 'ஆயுபோவன் சம்பந்தி' என்று சொல்லிப் பழகுகிறேன், ஸ்டாண்டில் எல்லோரும் எனக்கு ஆயுபோவன் சொல்லிக் கிண்டல் பண்ணுகிறார்கள். நாளை ரயிலில் கிளம்புகிறோம். நீ வரவேண்டாம் என்று எழுதியதை நான் சரியாகத்தான் விளங்கிக்கொண்டேன், ஆனாலும் வருகிறோம்.

கோட்டை ஸ்டேஷன் வாசலில் நிற்போம். கொழும்பு ஆட்டோக்காரர்கள் வந்து மொய்ப்பார்கள், அந்தத் தொழில் எனக்குத் தெரியாததா? ஒருத்தன் வண்டியிலும் ஏறமாட்டேன். மகள் பிக் அப் பண்ண வருவாள் என்று சொல்லிவிடுவேன். மழை பெய்தாலும், இருட்டினாலும் அந்த இடத்தை விட்டு அசையமாட்டேன். நான் போய்விட்டால், நீ வந்து பார்க்கும்போது இருக்கமாட்டேன். அப்புறம் நீ தேடுவாய்.

அப்பா